மற்றக் கம்பு

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசுகிறவர்கள் நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டு, "பெடியன் எப்பிடி? குடிகிடி ஏதும் உண்டோ? ஆரோட திரியிறவர்?" என்று மெல்லக் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் நல்லதைத்தான் சொல்லவேண்டும். உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்லவேண்டும். எல்லை வேலியில் நட்ட கதியாலுக்காக மாதக்கணக்கில் முகம் பார்த்துக் கதைக்காதவர்கள்கூட அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தங்கம் என்பார்கள். ஒரு கலியாணத்தைக் குழப்பியவர் என்ற பெயர் வந்துவிட்டால் அது லேசில் போகாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி செய்தது முட்டாள்தனம் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் செய்தது மரியாதையான காரியம். முட்டாள்தனம் என்னுடையது, கோழைத்தனமும் என்னுடையதுதான்.

எங்கள் வீடு ஸ்கந்தபுரத்தில். வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். நான் வவுனியாவில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற அந்த வருடம், தெற்கில் சனம் தெருவுக்கு வந்து ஆட்சியில் இருந்தவர்களை ஓட வைத்தது. எங்கள் ஊரில் பலர் அதைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகு புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் மாணவர்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். வழக்கே இல்லாமல் அடைத்து வைக்கும் எந்தச் சட்டத்தில் எங்கள் தமிழ் ஆட்களை வருடக்கணக்காக உள்ளே வைத்திருந்தார்களோ, அதே சட்டத்தில் இப்போது சிங்கள மாணவர்களை அடைத்தார்கள்.

அவர்களை விடச் சொல்லியும், அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லியும் வளாகத்தில் இருந்து ஊர்வலம் போவது என்று பேச்சு வந்தது. மரத்தடியில் கூட்டம். பாதிப் பேருக்கு விருப்பம் இல்லை.

"எங்கட பெடியள் உள்ளுக்கு இருக்கேக்க அவை ஒரு மெழுகுதிரி கொளுத்தினவையோ? நாங்கள் ஏன் இப்ப வெய்யில்ல நிக்கோணும்?" என்று ஒருவன் கேட்டான். நானும் தலையாட்டினேன்.

அப்போதுதான் அவள் எழும்பினாள். எங்கள் வகுப்புத்தான். முல்லைத்தீவுக் கரையோரம் ஊர், தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், தகப்பன் கடலுக்குப் போகிறவர். அலைச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல், ஒலிபெருக்கி தேவைப்படாது.

"என்ர சித்தப்பாவை இந்தச் சட்டத்திலதான் கொண்டுபோனவை. அவர் திரும்பி வரேக்க எங்களுக்கு அவரை அடையாளம் தெரியேல்ல. இது ஆருக்கும் நடக்கக் கூடாது எண்டுதான் நான் போறன். அவை அப்ப வந்தவையோ வரேல்லையோ எண்டு பாத்துக்கொண்டிருந்தால் இந்தச் சட்டம் எங்கட பிள்ளையளின்ர காலத்திலயும் இருக்கும்."

 நான் மறுபடியும் தலையாட்டினேன், இந்த முறை மற்றப் பக்கமாக. என் தலை அப்படித்தான், யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவருக்கு ஆடும். போதாக்குறைக்கு எனக்கு அவளைப் பிடிக்கும். அதை மறைத்து என்ன பயன்?

பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். சிங்கள எழுத்தை எங்களோடு படிக்கிற சிங்களப் பிள்ளைகள் திருத்தித் தந்தார்கள். இரண்டு பக்கமும் பூவரசங் கம்பு கட்டினோம். "இது ஒராளாலை ஏலாது. காத்துக்குச் சுருண்டுபோம். மற்றக் கம்பு ஆர் பிடிக்கிறது?" என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

ஊர்வலம் புறப்பட்டபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. முன்வரிசையில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் பதாகை. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்து உற்சாகப்படுத்தினார். சந்தியில் பொலிஸார் வழியை மறித்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் அடிக்கிற வண்டி. அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. நேரில் அது பெரிது.

முதல் தாரை எங்கள் காலடியில் விழுந்தது. இரண்டாவது என் இடது கையில் பட்டது. கை மட்டும்தான் நனைந்தது. அதற்குள் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று எங்கேயோ வெடித்தது. நான் கம்பை விட்டுவிட்டேன். யோசித்துத்தான் விட்டேன் என்று சொல்வதற்கில்லை. கை தானாக விரிந்தது, கால் தானாக ஓடியது. பின்னால் அவள், "கம்பைப் பிடி! கம்பைப் பிடி!" என்று கத்தியது கேட்டது. அந்தக் குரல் கேட்காமல் இருக்குமா?

ஓடிப்போய் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். உள்ளே குளிரூட்டி போட்டிருந்தது. சேலை கட்டிய பொம்மைகளுக்குப் பக்கத்தில் நானும் ஒரு பொம்மையாக நின்றேன். கடையில் வேலை செய்கிற பிள்ளை கிட்ட வந்து, "என்ன பாக்கிறியள் அண்ணா?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாரம்."

"பற்றிக்கோ, கோடு போட்டதோ?"

வெளியே என் நண்பர்கள் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது நான் இடுப்பில் கட்டப் பூப்போட்ட பற்றிக் சாரம் தெரிவு செய்தேன். அவள் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். நிறம் போகாது என்றாள். நீலத்தை எடுத்துக்கொண்டு, தெரு அடங்கும்வரை இருந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். மாங்குளம் தாண்டும்போதுதான் செய்தி வந்தது. அவளைப் பிடித்துவிட்டார்கள். கடைசிவரை பதாகையை விடவில்லையாம்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கலாம். ஆனால் குசினியில் அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் இருந்தார்கள். செய்தியில் ஊர்வலத்தைக் காட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. "நீயும் போனனியே தம்பி?" என்று மாமி கேட்டார். நான் கதையின் முதல் பாதியைச் சொன்னேன். முன்வரிசையில் நின்றது, பதாகை பிடித்தது, தண்ணீர் அடித்தது. பஸ்ஸில் காய்ந்துபோன சட்டைக் கையைக் காட்டினேன். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. சாரத்தைப் பார்த்து அம்மா, "இந்தச் சண்டைக்குள்ளயும் வீட்டை நினைச்சு வாங்கியிருக்கிறான்" என்று கண்கலங்கினார். அதையும் நான் திருத்தவில்லை.

சில நாள் கழித்து மாமி வீட்டு வாசல் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இஸ்திரி போட்ட சட்டை, நல்ல தமிழ், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மனிதர். "பக்கத்து வீட்டுத் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் அறியலாம் எண்டு வந்தனான்" என்றிருக்கிறார். மாமிக்கு அது போதும். கதிரையைத் துடைத்துப் போட்டு, பால் தேத்தண்ணி ஊற்றி, பெண் பகுதி கனடாவோ என்று தானே கேட்டிருக்கிறார். வந்தவர் சிரித்தாராம். மாமி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

மாமியின் சொந்த மகளுக்குப் பொருந்தி வந்த கலியாணம் ஒன்றை யாரோ ஒருவர் ஒற்றைச் சொல்லில் குழப்பியிருக்கிறார். அந்தக் காயம் அவருக்கு ஆறவில்லை. அதனால் எனக்காக அவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

"குடியோ? சிகரெட்டைக் கண்டாலே இருமுவான். படிப்பில புலி. வளாகத்தில அவன்தான் தலைவன் எண்டு வையுங்கோவன். இவன் ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாப் பெடியளும் எழும்பும். அண்டைக்கு ஊர்வலத்தில ஆர் முன்னுக்கு நிண்டது? இவன்தான். தண்ணி அடிக்க அடிக்க அசையேல்லையாம். பயம் எண்டால் என்னெண்டு தெரியாத பிள்ளை."

வந்தவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார். மாமி வேலிக்கு மேலால் அம்மாவைக் கூப்பிட்டு, "நல்ல இடமா இருக்கும்போல. சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் வந்தவர்" என்றார். அம்மா அன்றைக்கே சாமிப்படத்துக்குப் பூ வைத்தார்.

அடுத்த நாள் காக்கிச் சட்டையோடு இரண்டு பேர் வந்து, என்னை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி விளக்குமாற்றோடு நின்றார். அவருடைய முகத்தில் இருந்த கலியாணக் களை அத்தனையும் வடிந்து போனதை நான் பார்த்தேன். உள்ளே போய், வெளியூருக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, எங்களோடு பஸ்ஸில் ஏறினார்.

வவுனியாப் பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. சுவரோரம் அந்த இஸ்திரிச் சட்டைக்காரர். அடுத்த அறைக்கும் இதற்கும் நடுவில் பலகை அடைப்பு மட்டும்தான்.

"நீர்தான் தலைவராம். நீர் ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாரும் எழும்புவினமாம்" என்றார் அதிகாரி. "தண்ணி அடிச்சும் அசையேல்லையாம். பயமே இல்லையாம். அப்பிடியோ?"

 நான் வாயைத் திறக்கமுன் மாமி எழும்பிவிட்டார்.

"சேர், அது நான் சொன்னது. முழுக்கப் பொய் சேர். இந்தத் தம்பி" என்று சுவரோரம் நின்றவரைக் காட்டினார், "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்தவர். நான் கலியாணம் பேச வந்தவர் எண்டு நினைச்சிட்டன். கலியாணத்துக்குக் கேட்டால் உள்ளதைச் சொல்லுவினமே சேர்?"

ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி கதிரையில் சாய்ந்தார். "அப்ப உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார்.

மாமி சொன்னார். நான் இவ்வளவு காலமும் அவரைச் சும்மா வேலியோரத்துப் பெண் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இவன் தலைவனோ சேர்? எங்கட நாம்பன் மாடு செருமினால் இவன் வேலி பாய்ஞ்சு எங்கட வளவுக்குள்ள விழுவான். கிணத்தடியில சாரைப்பாம்பைக் கண்டிட்டுக் குழறின குழறலில சனம் ஆரோ செத்திட்டினம் எண்டு ஓடிவந்தது. சோதினையை ரெண்டாந்தரம் எழுதித்தான் வளாகம் போனவன். சந்தையில ஒரு கத்தரிக்காய் விலை குறைச்சுக் கேக்கத் தெரியாது. இவன் சொல்லி ஆர் எழும்பிறது? இவன் சொல்லி எங்கட நாய்கூட எழும்பாது சேர்."

"ஓம் சேர்" என்றார் அம்மா. அழுதுகொண்டே சொன்னார். "இருட்டுக்கும் பயம் சேர். இப்பவும் நான்தான் வெளிலைட்டுப் போட்டுவிட வேணும்."

அறை முழுவதும் சிரித்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் காது எரிந்தது. இவற்றில் ஒன்றாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எல்லாம் உண்மை.

"அப்ப நீர் அந்த நேரம் எங்க நிண்டனீர்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

அதற்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர்களுக்கு என்னில் இருந்த அக்கறை ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் நான் சொன்னேன், கெஞ்சுகிற குரலில் சொன்னேன்.

"துணிக்கடையில சேர். சாரம் வாங்கிக்கொண்டு நிண்டனான்."

சிரிப்பு மறுபடி எழும்பியது. நானும் சிரித்தேன்.  அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தெரு முழுக்கத் தண்ணீர். அவள் முழுக்க நனைந்து, ஒரு கம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். விரிப்பின் மற்றப் பாதி தெருவில் கிடக்கிறது. அதன் நுனியில் மற்றக் கம்பு.

"இது ரெண்டு பேர் பிடிக்கிறது. இந்தப் பக்கம் பிடிச்சது ஆர்?"

மாமியும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கம்பு யாருடையது என்று தெரியும். நான்தானே குசினியில் நின்று சொன்னேன்.

"தெரியாது சேர்" என்றேன்.

"அந்தப் பிள்ளையும் அதைத்தான் சொல்லுது. தான் தனியத்தான் பிடிச்சதாம். வேற ஒருத்தரும் இல்லையாம்." அவர் தொலைபேசியை மேசையில் வைத்தார். "சரி, போம். போய்ப் படிக்கிற வேலையைப் பாரும்."

போகலாம் என்றதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தப் பலகை அடைப்பைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமி எனக்குப் பக்கத்தில் இருந்தார்.  ஓமந்தை தாண்டியதும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உன்னைப் பற்றி நான் அங்க சொன்னதுகளை மனசில வைச்சிருக்காதை. உன்னை வெளிய எடுக்கிறதுக்காகப் பொய் சொன்னனான். அந்தச் சப்பாத்துக் கழட்டினவனுக்கு முதல் சொன்னதுதானடா உண்மை. நீ முன்னுக்கு நிண்ட பிள்ளை."

சாரக் கதையையும் உயிர் தப்ப நான் கட்டிய பொய் என்று அவர் நினைத்திருந்தார். இல்லை மாமி என்று சொல்ல வாய் உன்னியது. முன்சீற்றில் இருந்து அம்மா திரும்பிப் பார்த்து, "என்ர பிள்ளை மானத்தை விட்டு அங்க நிண்டது" என்றார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்குக் கை கால் எல்லாம் குளிர்ந்தது.

அதன் பிறகு எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாரும் யாரையும் புகழ்வதில்லை. உண்மையாகவே பரந்தனில் இருந்து கலியாணம் விசாரிக்க வந்த ஒரு பெரியவரிடம், மாமி படலையைத் திறக்காமலே, "பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டே எனக்குத் தெரியாது" என்றாராம். அந்தப் பெரியவர் தேத்தண்ணி இல்லாமல் திரும்பிப் போனார். அந்தச் சம்பந்தமும் போயிற்று.

அவள் மாதக்கணக்கில் உள்ளே இருந்தாள். எங்கள் வகுப்பில் இருந்து பலர் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. முதலில் காய்ச்சல் என்றேன், பிறகு சோதனை என்றேன், பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. நீலச் சாரத்தை அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோய்த்து மடித்துக் கட்டிலில் வைப்பார். கடைப் பிள்ளை சொன்னது சரிதான், நிறம் போகவில்லை.

பிணையில் வந்து, பிறகு வகுப்புக்கும் வந்தாள். மெலிந்திருந்தாள், குரல் மட்டும் அப்படியே. சிற்றுண்டிச்சாலையில் என்னைக் கண்டதும் நேரே வந்து எதிரே இருந்தாள். நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை எல்லாம் ஒரேயடியாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் அண்டைக்குப் பக்கத்து அறையிலதான் இருந்தனான்" என்றாள். "மாமி சொன்னது எல்லாம் கேட்டது. நாய்கூட எழும்பாது எண்டவா. நானும் சிரிச்சிட்டன். உள்ளுக்கு இருந்த காலத்தில நான் சிரிச்சது அந்த ஒருக்காத்தான்."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படியென்றால் நான் "தெரியாது சேர்" என்றதும் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் வடையில் பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஊர்வலம் இருந்தது, வேறு ஒரு மாணவனைப் பிடித்ததற்காக. நான் முதல் நாளே மரத்தடிக்குப் போனேன். ஒரு இரவு முழுவதும் யோசித்துத்தான் போனேன். எல்லோரும் நிலத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் ஆணியும் சுத்தியலும்.

"இந்த முறை நான் கடைசிவரைக்கும் பிடிப்பன்" என்றேன். "மற்றக் கம்பை எனக்குத் தா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த அட்டைகளைக் காட்டினாள். சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கம்பு.

"இப்ப பதாகை செய்யிறேல்ல. எல்லாம் ஒத்தைக் கம்புதான்" என்றாள். "ஆர் ஓடினாலும் மற்ற ஆளின்ரது விழாது."

சொல்லிவிட்டு எனக்கும் ஒன்றை எடுத்துத் தந்தாள்.